விரலில் மாட்டும் தோல் கொக்கி: கேள்வி பதில்

கேள்வி (முதுநிலை மாணவர்): ஐயா, மூக்கு அறுவையில் பயன்படும் மில்லார்டு விரல் கொக்கியை அண்மையில் முதன்முறையாகப் பார்த்தேன். தோலின் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கக் கைப்பிடியுள்ள கொக்கி இருக்கையில் இது எதற்கு?

பதில்: தையற்காரர் விரலில் போடும் அங்குஸ்தானை எண்ணிக்கொள்ளுங்கள், அதன் நுனியில் இரண்டு சிறு கொக்கிகள் இருந்தால் அதுவே இக்கருவி. நாசித்துவாரத்தின் விளிம்பைக் கொக்கியால் உயர்த்தி, அதே கையின் நடுவிரலால் மூக்கின் சிறகை, அதாவது நாசித்துவாரத்தின் பக்கச் சுவரை, வெளியிலிருந்து அழுத்தினால், உள்தோல் பிதுங்கிக் குருத்தெலும்பின் கீழ்விளிம்பு எங்கே ஓடுகிறது என்பது தெரியும். கைப்பிடியுள்ள கொக்கியில் அதைப் பற்றுவதற்கே இரு விரல்கள் போய்விடும். விரலிலேயே மாட்டிவிட்டால் அவை விடுதலையாவதோடு, எவ்வளவு இழுக்கிறோம் என்பதும் நேரே விரலுக்குப் புலப்படும். பிளவுதட்டுச் சீரமைப்பில் பெயர்பெற்ற ரால்ஃப் மில்லார்டின் பெயரை இது தாங்கியிருக்கிறது. ஆயினும் உதவியாளர் திறமையானவராக இருந்தால், நான் சாதாரணக் கொக்கியை அவர் கையில் கொடுப்பதையே விரும்புவேன்.

கேள்வி (அறுவை அரங்குச் செவிலியர்): பற்களுள்ள இடுக்கி போதாதா, டாக்டர்? கொக்கி தோலைக் குத்துகிறதே!

பதில்: குத்துவது ஒரு புள்ளியை, இடுக்கி நசுக்குவதோ ஒரு பரப்பை. ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்கப் பெயர்த்தெடுத்த தோல்மடலின் ஓரம், தோலுக்கு அடியிலுள்ள நுண்குழாய் வலையின் இரத்தத்தை நம்பியே உயிரோடிருக்கிறது. அதை நசுக்கினால் ஓரம் கருகி, தழும்பு அகலமாகும். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட மருத்துவமனையில் பணியாற்றிய ஹரால்டு கில்லிஸின் பெயரால் ஒற்றைக் கொக்கி இன்றும் வழங்குவது காரணமின்றி அன்று. கொக்கியை மேல்தோலில் மாட்டாமல், வெட்டுமுகத்தின் அடித்தோலில் மாட்டுங்கள். இழுக்கும்போது ஓரம் வெளிறினால் உடனே தளர்த்துங்கள். விட்டதும் இளஞ்சிவப்பு திரும்புகிறதா என்று பாருங்கள். விரல் கொக்கியில் கை களைப்பதில்லை, ஆகையால் இழுத்துக்கொண்டேயிருப்பது மறந்துபோகும். என் பயிற்சிக்காலத்தில் ஒரு கன்னத் தோல்மடலை அப்படி மறந்து வைத்திருந்து, மூத்தவர் ஒன்றும் பேசாமல் என் விரலைத் தட்டியது நினைவிருக்கிறது.

கேள்வி (உதவி மருத்துவர்): கையுறை கிழிந்துவிடாதா?

பதில்: கிழியும். இரட்டைக் கையுறை அணிந்து அதன்மேல் மாட்டுங்கள். முடிச்சுப் போடுமுன் கழற்றித் தட்டில் வையுங்கள். ஒருபோதும் கைக்குக் கை கொடுக்க வேண்டாம்.

கேள்வி (கருவி பராமரிப்பாளர்): சுத்தம் செய்வதில் தனிக் கவனம் வேண்டுமா?

பதில்: கொக்கியின் விரல் மாட்டும் உறையின் உட்குழியில் இரத்தம் உறைந்து தங்கும், உலருமுன் தூரிகையால் தேய்த்துக் கழுவிய பின்பே 134 பாகை நீராவியில் குறைந்தது 3 நிமிடம் வையுங்கள். முனையைப் பஞ்சில் மெல்ல உரசிப் பாருங்கள். இழை சிக்கினால் பிசிறு உண்டு, அதை அரங்குக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி (பிளவுதட்டுக் குழந்தையின் தாயார்): டாக்டர், கொக்கி குத்திய இடம் தழும்பாகுமா?

பதில்: அம்மா, வெட்டிய ஓரத்தின் உட்புறத்தில் மாட்டுவதால், அந்தப் புள்ளி தையலுக்குள்ளேயே மறைந்துவிடும்.