மார்பகக் கட்டியின் மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை: சேலத்து வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 61 வயசுங்க. ஈஆர் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 புரதம் அதிகமில்லை), அக்குள் நெறியில (நிணநீர்க் கணுவில) பரவல் இல்லை. பி.ஆர்.சி.ஏ. டெஸ்ட் நார்மல்னு வந்துருச்சு. அப்புறம் எதுக்குங்க 21 மரபணு டெஸ்ட்?

பதில்: இரண்டும் வேறு வேறும்மா. பி.ஆர்.சி.ஏ. என்பது பிறவியிலேயே வந்த பிழையைத் தேடுவது. ரத்தத்திலோ எச்சிலிலோ பார்க்கலாம். 21 மரபணு டெஸ்ட் கட்டியிலேயே பார்ப்பது. தறி ஓடும் குகையில் இருக்கிற உங்களுக்குத் தறியை வைத்தே சொல்கிறேன். பி.ஆர்.சி.ஏ. சோதனை தறியில் பழுது உண்டா என்று பார்க்கிறது. மரபணு வெளிப்பாடு, இப்போது எந்தத் தறி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறது. செல் பெருக்கத்துக்கான கி-67 போன்றவை, ஹார்மோன் சார்ந்தவை உட்பட 16 மரபணுக்கள். ஒப்பிட்டுப் பார்க்க 5. அவற்றின் ஆர்.என்.ஏ. (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்) அளவிலிருந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும். கீமோ வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும்.

அவரே: மதிப்பெண் 19னு வந்திருக்குங்க. கீமோ வேணுமா?

பதில்: 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். நெறியில் பரவாத இந்த வகையில், 11 முதல் 25 வரை வந்தவர்களுக்கு ஹார்மோன் மருந்து மட்டுமே போதுமானதாக இருந்தது. அம்மாவின் வயதுக்கு 19 என்பது கீமோவைத் தவிர்க்கலாம் என்ற பக்கம்தான் நிற்கிறது. 50 வயதும் அதற்குக் கீழும் என்றால் கதை வேறு: 16 முதல் 25 வரையிலேயே கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. அதனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வயதையும் மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதையும் சேர்த்து டாக்டரிடம் பேசுங்கள்.

ஓமலூர்: தங்கச்சிக்கு ட்ரிப்பிள் நெகட்டிவ். இதே டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ட்ரிப்பிள் நெகட்டிவ் என்றால் இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லை, ஹெர்-2வும் நெகட்டிவ் என்று பொருள். இந்த டெஸ்ட் ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் வகைக்கு மட்டும். தங்கைக்கு பி.ஆர்.சி.ஏ. பற்றிக் கேளுங்கள், அதுதான் பயன்படும்.

ஆத்தூர், லேப் டெக்னீஷியன்: அனுப்பின பிளாக்குல (மெழுகில் பதித்த கட்டித் திசுவுல) ஆர்.என்.ஏ. போதலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க சார். எங்க தப்பு?

பதில்: பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில். கட்டியை எடுத்த நிமிடத்திலிருந்து ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போக வேண்டும். முழு மார்பகத்தையும் அப்படியே டப்பாவில் போட்டால் ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மி.மீ.தான் உள்ளே இறங்கும். நடுவிலிருக்கும் கட்டி கெட்டுவிடும். உடனே 5 மி.மீ. துண்டுகளாகக் கீறி, இடையில் துணி வைத்து, திசுவைப் போல் 10 மடங்கு அளவு 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடுங்கள். பஃபர் இல்லாத ஃபார்மலின் அமிலமாகி நியூக்ளிக் அமிலத்தை அரிக்கும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊறட்டும். சனிக்கிழமை மாலை ஆபரேஷன் என்றால் திங்கள் காலையே எடுத்துவிடுங்கள்.

பிளாக் தேர்வும் முக்கியம். பயாப்ஸி ஊசி போன குழியை ஒட்டிய பகுதியில் புண் ஆறும் செல்கள் பெருகிக்கொண்டிருக்கும். அவை கலந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். அழுகிய பகுதியையும் தவிர்த்து, ஊடுருவும் கட்டி நிறைய உள்ள பிளாக்கை பேத்தாலஜிஸ்ட் குறித்துத் தரட்டும்.

ஏற்காடு: பிளாக்கை நாங்களே சேலம் கொண்டுபோகணும். ஐஸ் வைக்கணுமா?

பதில்: தேவையில்லை. கொண்டை ஊசி வளைவுகளால் ஒன்றும் ஆகாது. கீழே இறங்கியதும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும். சின்ன டப்பாவில், பேத்தாலஜி ரிப்போர்ட்டின் நகலோடு கையிலேயே கொண்டுபோங்கள். பிளாக் எண் ரிப்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

சங்ககிரி: செலவு தாங்கலைங்க. வேற வழி?

பதில்: பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் இருக்கிறது. அது ஆர்.என்.ஏ.வை அளக்காது, 5 புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து, கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), நெறி நிலையோடு சேர்த்துக் கணக்கிடும். இதுவும் ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் ஆரம்பக் கட்டத்துக்குத்தான். கட்டி சின்னது, கிரேடு 1, ஈஆர் பலமாக இருக்கிறது என்றால் எந்தப் பரிசோதனையும் இல்லாமலே டாக்டர் முடிவு சொல்லிவிடக்கூடும். பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “ரிசல்ட்டைப் பொறுத்து சிகிச்சை மாறுமா?” மாறாது என்றால், அந்தப் பணத்தை சிகிச்சைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.