பிஏ செட் (புகைக்குள் மூச்சுவிட முதுகில் மாட்டும் சுவாசக் கருவி) வாங்கும் முன்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலரின் பதில்கள்

கேள்வி: எங்கள் ரசாயனத் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவில் 12 பேர் இருக்கிறோம். பழைய பிஏ செட்டுகளுக்குப் பதிலாக 6 புதிய செட் வாங்கப்போகிறோம். ஒரு கம்பெனி '45 நிமிடம் வரும்' என்கிறது, இன்னொன்று '60 நிமிடம்' என்கிறது. எதை வாங்கலாம் ஐயா?
– வாசகர், கடலூர்

பதில்: முதலில் அந்த நிமிடக் கணக்கை ஓரமாக வையுங்கள் தம்பி. 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் (காற்றழுத்தத்தின் அளவு) வரை நிரப்பினால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் செலவு என்று வைத்துத்தான் விற்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஹோஸைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுகிறவனுக்கு 80 லிட்டர்கூட ஆகும். கடைசி 55 பாரில், காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அந்தக் காற்று வெளியே வருவதற்கு மட்டும். மிச்சத்தை வகுத்துப் பாருங்கள், வேலைக்குக் கிடைப்பது 20 நிமிடம். 60 நிமிடம் என்கிறவர் அநேகமாக 9 லிட்டர் சிலிண்டர் தருவார். அது கனம், குறுகலான வழிகளில் இடிக்கும்.

நான் நிலைய அலுவலராக இருந்தபோது ஒரு பஞ்சுக் கிடங்கில் தீ. இரண்டு பேரை ஜோடியாக உள்ளே அனுப்பினேன். ஒரே மாதிரி செட், இரண்டிலும் முழு பிரஷர். பன்னிரண்டாவது நிமிடம் ஒருவருடைய விசில் அடித்தது. இருவரும் சேர்ந்தே வெளியே வந்துவிட்டார்கள். மற்றவருடைய கேஜைப் பார்த்தேன், இன்னும் 160 பார் இருந்தது. விசில் அடித்தவர் விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார், முகத்தில் மூன்று நாள் தாடி. மாஸ்க் ஓரம் தோலில் படியவில்லை. மாஸ்க்குக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருக்கும் பாசிட்டிவ் பிரஷர் செட் என்பதால் புகை உள்ளே போகவில்லை, ஆனால் காற்று வெளியே கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. உள்ளே அனுப்பும் முன் நான் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் கொட்டேஷன் கொடுத்த எல்லோரிடமும் ஒரு டெமோ செட் கேளுங்கள். 12 பேரும் மாட்டிப் பார்க்கட்டும். மாஸ்க்கைப் போட்டு, இரண்டு மூச்சு விட்டபின் சிலிண்டர் வால்வை மூடச் சொல்லுங்கள். மெதுவாக மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி அப்படியே நின்றால் சரி. கன்னத்து ஓரமோ நெற்றிப் பக்கமோ காற்று நுழைந்தால், அவருக்கு அந்த அளவு ஆகாது. ஒல்லி முகக்காரர்களுக்குச் சின்ன அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு மாஸ்க்குக்குள்ளேயே பொருத்தும் ஃபிரேம் வேண்டும். காதில் மாட்டும் கண்ணாடியோடு போட்டால் கசியும். செட் ஆறு போதும், மாஸ்க் மட்டும் பன்னிரண்டு வாங்குங்கள். ஆளுக்கொன்று, பெயர் எழுதி.

சிலிண்டர் கார்பன் இழை சுற்றிய காம்போசிட்டாக இருக்கட்டும். விலை அதிகம்தான், ஆயுளும் பெரும்பாலும் 15 ஆண்டுதான். ஆனால் ஸ்டீல் செட்டோடு ஒப்பிட்டால் முதுகில் நாலைந்து கிலோ குறையும். இறக்குமதிச் சரக்கு என்றால் பெசோ (அழுத்த சிலிண்டர்களுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதலைக் கையில் வாங்கிப் பாருங்கள். தீக்குள் போகிற செட்டுக்கு ஈஎன் 137 என்ற ஐரோப்பியத் தரத்தில் டைப் 2 கேளுங்கள். டைப் 1 தீயணைப்புக்கானது இல்லை.

அப்புறம், காலி சிலிண்டரை எங்கே நிரப்பப் போகிறீர்கள்? சொந்த கம்ப்ரஸர் என்றால் அதை டீசல் ஜெனரேட்டர் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சிலிண்டருக்குள் போய்விடும்.

கேள்வி: தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமப்பது ஆக்சிஜன் சிலிண்டர்தானே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா. பத்திரிகைகளே அப்படித்தான் எழுதுகின்றன. அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்று. சுத்தம் செய்து, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்திருப்பார்கள். சுத்த ஆக்சிஜன் தீயை மூர்க்கமாக எரியவைக்கும். அது நெருப்புக்குப் பக்கத்தில் கசிந்தால் சட்டைகூடக் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செலவைக் குறைக்க, ஃபில்டர் மாஸ்க் வாங்கி வைத்தால் போதுமா?
– வாசகர், கோவை

பதில்: அதைப் போட்டுக்கொண்டு யாரையும் புகைக்குள் அனுப்பாதீர்கள். ஃபில்டர் காற்றை வடிகட்டும், காற்றைத் தராது. தீ எரியும் அறையில் ஆக்சிஜனே குறைந்திருக்கும். சாதாரண ஃபில்டர் கார்பன் மோனாக்சைடையும் தடுக்காது. அந்தப் பணத்தில் படிக்கட்டுக் கதவுகள் தானாக மூடுகின்றனவா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.