போலி ரிவால்வரும் சிவபுரம் நடராஜரும்

வணக்கம் ஐயா,

மாற்று வரலாற்று நாவல்களில் தலையாயது என்று நீங்கள் எழுதியதை நம்பி, பிலிப் கே. டிக்கின் ‘தி மேன் இன் தி ஹை கேஸில்’ வாங்கிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்த கதை என்றார்கள். ஒரு சண்டைக்காட்சிகூட இல்லை. பழம்பொருள் கடை, நகைப் பட்டறை, சீனத்துக் குறி பார்ப்பது, இவ்வளவுதான். ஆங்கிலமும் அரைகுறை. முடிவு பாதியில் அறுந்து நிற்கிறது.

ஆர்., வலங்கைமான்

அன்புள்ள ஆர்.,

போரைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். கதை நடப்பது 1962-ல்; போர் 1947-லேயே முடிந்துவிட்டது. வரலாறு தடம் மாறிய இடத்தையும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். நிஜத்தில், 1933 பிப்ரவரி 15 அன்று மயாமியில் ஸங்காரா என்பவன், அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்க இருந்த ரூஸ்வெல்ட்டைச் சுட்டான். ஐந்தடி ஆள், கூட்டம் மறைத்ததால் ஆட்டம் காணும் நாற்காலியில் ஏறி நின்றான். குறி தப்பி, சிகாகோ மேயர் செர்மாக் மேல் குண்டு பாய்ந்தது. மார்ச் 6 அவர் இறந்தார். நாவலில் ரூஸ்வெல்ட் செத்துப்போகிறார், அமெரிக்கா தயாராகாமலே போருக்குள் விழுகிறது. போரைப் பற்றி அவ்வளவுதான்.

நாவலின் உயிர் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. கோல்ட் கம்பெனியின் பழைய ரிவால்வர்களைப் போலியாகச் செய்து விற்கும் முதலாளி ஒருவர், இரண்டு ஸிப்போ லைட்டர்களை நீட்டுகிறார். ஒன்று, ரூஸ்வெல்ட் சுடப்பட்டபோது அவர் பையில் இருந்தது. எது என்று கையில் வாங்கிப் பார்த்தால் தெரியாது. சான்றுக் காகிதம்தான் சொல்லும். பழமை பொருளில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

இதைக் கும்பகோணம் பக்கத்துக்காரருக்கு விளக்க வேண்டுமா? சிவபுரம் நடராஜர் 1951-ல் மண்ணிலிருந்து வந்தார். பழுதுபார்க்கக் கொடுத்தார்கள், கோயிலுக்குத் திரும்பியது நகல். அது வெளியே தெரியவே வருஷக்கணக்கானது. அசல் கைமாறிக் கைமாறி 1973-ல் அமெரிக்கக் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய், 1986-ல்தான் திரும்பியது.

பட்டறைக் காட்சிகளையும் இப்படிப் பாருங்கள். சுவாமிமலையில் மெழுகு பிடித்து, வண்டல் மண் பூசி, வார்த்தெடுத்த புது விக்கிரகம் போலி இல்லை. அதையே களிம்பேற்றிச் சோழர் காலம் என்று விற்றால்தான் போலி. போலி ரிவால்வர் பட்டறைத் தொழிலாளி ஃபிராங்க் ஃபிரிங்க் அந்த வேலையை விட்டுப் புது நகை செய்யத் தொடங்குவது அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதுதான். அந்த நகையை மலிவுத் தாயத்தாக அடித்து விற்கலாம் என்ற யோசனை வரும்போது பழம்பொருள் கடைக்காரர் சில்டன் மறுக்கிறார். ஜப்பானியருக்குக் குழைந்தே பழகியவர் முதுகு நிமிர்கிற ஒரே இடம்.

அரைகுறை ஆங்கிலமும் அந்தக் குழைவில் சேர்த்திதான். ஆள்கிற ஜப்பானியர் பேசும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு, ‘எ’, ‘தி’ இல்லாமலே சில்டன் நினைக்கிறார். நமக்கு அது உறுத்தாமல் போனாலும் ஆச்சரியமில்லை, தமிழில் அவை ஏது!

கதைக்குள்ளேயே பாத்திரங்கள் படிக்கும் இன்னொரு நாவல் வருகிறது. முடிவில், ஜெர்மனி தோற்றதாகச் சொல்லும் அந்த உள்-நாவலே உண்மை என்று சீனத்துக் குறி சொல்கிறது. ஆனால் அந்த உள்-நாவல் நம் வரலாறும் அல்ல; அதில் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்து டக்வெல் ஜனாதிபதி. இதைக் கவனிக்காமல் போனால் முடிவு அறுந்த மாதிரிதான் தெரியும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஃபிராங்க்கின் முன்னாள் மனைவி ஜூலியானாவும் அவளோடு சேரும் ஜோவும் வரும் பகுதி தொய்வு; கொலை அவசரமாக நடந்துவிடுகிறது. அங்கே நீங்கள் சலித்ததில் தப்பில்லை. 5, 14, 15 அத்தியாயங்களை மட்டும் இன்னொரு தடவை புரட்டுங்கள்.