தோட்டக் கோயில் திருவிழாவுக்கு ஒரே ஒரு இணையப் பக்கம்: எந்த மென்பொருள் வாங்க வேண்டும்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு பக்க இணையத்தளம் செய்ய வேண்டும். அச்சகத்தில் அடித்த நோட்டீஸின் வேர்ட் கோப்பும், போன வருடப் போட்டோக்கள் 30உம் இருக்கின்றன. மடிக்கணினியில் 4 ஜிபி ரேம்தான். டிரீம்வீவர் என்ற இணையப் பக்க மென்பொருள் வாங்க வேண்டும், கோடிங் கோர்ஸ் முடிக்க வேண்டும், முதலில் வேர்ட்பிரஸ் போட வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்:

மூன்றும் வேண்டாம். மடிக்கணினியோடு வந்த நோட்பேடே போதும். கொஞ்சம் வசதி வேண்டுமென்றால் நோட்பேட்++ இலவசம், 4 ஜிபி ரேமில் இலகுவாக ஓடும். விஷுவல் ஸ்டூடியோ கோட் போட்டால்தான் இணையத்தளம் வரும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். அதுவும் எழுதும் பலகைதான். வரிகளுக்கு நிறம் கொடுக்கும், சில பிழைகளைக் காட்டும். பக்கத்தை அது கட்டித் தராது.

இணையப் பக்கத்தை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல் என்பது நிரல் எழுதும் மொழியும் இல்லை. இது தலைப்பு, இது பந்தி, இது படம் என்று எழுத்துக்கு அடையாளம் போடும் முறை, அவ்வளவுதான். டிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் 1991இல் வெளியிட்ட முதல் இணையத்தளத்தின் பக்கங்கள் இன்றைய போனிலும் திறக்கும். உங்கள் பக்கத்துக்குத் தேவையான டேக்குகள், அதாவது இந்த அடையாளங்கள், பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வராது. இரண்டு மாலை உட்கார்ந்தால் பழகிவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், பூட்ஸ்டிராப் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கரகம் பாலிக்கும் நாளையும் தேர் புறப்படும் நேரத்தையும் காட்ட அவை எதுவும் தேவையில்லை.

இனி, உங்கள் வேலை உண்மையில் சிக்கப் போகும் இடத்துக்கு வருவோம். அது நோட்டீஸ் கோப்பு.

அச்சகத்தில் வாங்கிய தமிழ்க் கோப்பு என்றால் அநேகமாகப் பாமினி எழுத்துருவில்தான் இருக்கும். பாமினி கோப்புக்குள் தமிழ் எழுத்துகள் கிடையாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது அந்த எழுத்துரு. வாசிப்பவரின் போனில் பாமினி இருக்காது. ஆகவே அங்கே ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். கூகிளில் தேடினாலும் அகப்படாது.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். பாமினியில் 'ஈ' எழுத்து இருக்கும் விசை, எச்.டி.எம்.எல்லில் டேக்கைத் திறக்கும் கோணக்குறி. பாமினியின் காற்புள்ளியோ டேக்கை மூடும் கோணக்குறி. எனவே பாமினி எழுத்தை அப்படியே நோட்பேடில் ஒட்டினால், 'ஈசன்' என்று வருகிற இடத்திலிருந்து அடுத்த காற்புள்ளி வரைக்கும் உள்ள அத்தனையையும் உலாவி ஏதோ ஒரு டேக் என்று எண்ணி விழுங்கிவிடும். பக்கத்தில் ஒரு வரி பாதியில் காணாமல் போய், ஏனென்றே தெரியாமல் மணிக்கணக்கில் தேட வைக்கிற பிழை இது.

செய்ய வேண்டியது: பாமினியிலிருந்து, எல்லாப் போனும் கணினியும் புரிந்துகொள்ளும் யுனிகோடு எழுத்துக்கு மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு. அதில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு மூன்றைக் கண்ணால் சரிபாருங்கள். மின்னஞ்சல் முகவரி போல இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிச் சிதைந்திருக்கும். 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகள் பிசகியிருக்கலாம். அடைப்புக்குறி, காற்புள்ளி போன்றவை இடம் மாறியிருக்கும். உபயகாரர் பெயர்ப் பட்டியலை ஒருவர் வாசிக்க இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது. பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அந்தக் குடும்பத்துக்கு மனவருத்தம்.

வேர்டிலேயே 'வெப் பேஜ்' என்று சேமித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சேமிக்கலாம், ஆனால் ஒரு பக்க நோட்டீஸுக்குள் வேர்ட் தனக்கு வேண்டிய அலங்கார வரிகளை நூற்றுக்கணக்கில் கொட்டிவிடும். படங்களைத் தனி ஃபோல்டரில் வைக்கும். அந்த ஃபோல்டரை ஏற்ற மறந்தால் படம் ஒன்றும் வராது. பாமினிப் பிரச்சினையும் அப்படியே இருக்கும். வேர்டிலிருந்து எழுத்தை மட்டும் எடுங்கள்.

அடுத்தது சேமிக்கும் முறை. நோட்பேடில் 'சேவ் அஸ்' கொடுக்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பின் பெயர் 'இன்டெக்ஸ்', அதன் பின் புள்ளியும் எச்.டி.எம்.எல் என்ற நான்கு எழுத்தும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். 'சேவ் அஸ் டைப்' என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்'. 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யூடிஎஃப்-8' (யுனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை). இரண்டாவதை விட்டால் பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்து வைப்பதால் உங்களுக்குத் தெரியாது. உலாவியில் திறந்தால் பக்கத்துக்குப் பதிலாக நீங்கள் எழுதிய டேக்குகளே வரிசையாகத் தெரியும். மூன்றாவதுதான் தமிழுக்கு உயிர். விண்டோஸ் 10இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அதற்கு முந்திய கணினிகளில் 'ஆன்சி' என்று இருக்கும். அதில் தமிழுக்கு இடமே இல்லை.

சேமித்தால் மட்டும் போதாது. இது யூடிஎஃப்-8 என்று பக்கத்துக்குள்ளும் அறிவிக்க வேண்டும். 'மெட்டா சார்செட்' என்ற வரி அதற்குத்தான். கோப்பின் தொடக்கத்தில் வரும் 'ஹெட்' பகுதியின் முதல் வரியாக, பக்கத் தலைப்புக்கும் முன்னால் அதைப் போடுங்கள். அந்த அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் எடுக்கும். 'தோட்டம்' என்ற ஒரு சொல்லே 7 குறியீடு, 21 பைட். நீண்ட தமிழ்த் தலைப்பையும் விவரத்தையும் முன்னால் போட்டு, அறிவிப்பைப் பின்னால் தள்ளினால் எல்லையைத் தாண்டிவிடலாம்.

தமிழ் சரியாக வராவிட்டால், திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். வெறும் கேள்விக்குறிகள் என்றால் சேமித்த நேரத்திலேயே எழுத்து அழிந்துவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது, மூலத்திலிருந்து மறுபடி ஒட்ட வேண்டும். தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சிறிய 'ஏ'யும், வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு நலமாக இருக்கிறது, சார்செட் வரிதான் இல்லை. அர்த்தமில்லாத சாதாரண ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளியும் என்றால் பாமினி இன்னும் உள்ளே இருக்கிறது (பாமினியில் புள்ளி வைப்பது அரைப்புள்ளி விசைதான்). கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தச் சாதனத்தில் தமிழ் எழுத்துரு இல்லை. இன்றைய போன்களில் இது அபூர்வம்.

இன்னும் இரண்டு சிறு வரிகள். பக்கத்தின் மொழியைக் குறிக்கும் 'லேங்' என்ற இடத்தில், எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் பக்கம் என்றால், ஆங்கிலத்துக்கான 'இஎன்' இருக்கும். அதை 'டிஏ' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழை ஆங்கிலம் என்று நினைத்துத் தடுமாறும். மற்றது 'வியூபோர்ட்' வரி. அது இல்லாவிட்டால் போன் உங்கள் பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு, சுமார் 980 பிக்சலுக்கு, விரித்துவிட்டுப் பிறகு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பாகிவிடும். இதைப் பார்த்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கப் பலர் மணிக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அகலம் சாதனத்தின் அகலம், ஆரம்பப் பெருக்கம் 1 என்று சொல்லும் அந்த ஒரே வரியில் பிரச்சினை தீரும்.

இப்போது போட்டோக்கள். மலையகத்துக்குப் பக்கம் செய்பவர்கள் அதிக அக்கறை காட்ட வேண்டியது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. போனில் எடுத்த ஒரு படம் 4000க்கு 3000 பிக்சல், 3 முதல் 5 எம்பி வரும். 30 படமும் 4 எம்பி என்று வைத்தால் 120 எம்பி. மேல் டிவிஷனில் ஒரு கோடு இரண்டு கோடு சிக்னலில், நொடிக்கு 2 மெகாபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் பக்கம் முழுதாக வர 8 நிமிடம். ரீலோட் போட்டு வைத்த டேட்டாவும் அதில் கரையும். யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பக்கத்தில் படத்தின் அகலத்தை 300 என்று எழுதிவிட்டேன், சிறிதாகிவிட்டதே என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். தோற்றம்தான் சிறிதாகியது. 4 எம்பி முழுவதும் இறங்கிய பிறகே போன் அதைச் சுருக்கிக் காட்டுகிறது. கோப்பையே சிறிதாக்க வேண்டும். விண்டோஸில் இருக்கும் பெயின்டில் படத்தைத் திறந்து, 'ரீசைஸ்' போய், 'பிக்சல்ஸ்' தெரிவு செய்து, கிடையாக 1200 என்று கொடுத்து, ஜேபெக்காக வேறு பெயரில் சேமியுங்கள். கோப்பை இன்னும் சுருக்க ஸ்குவூஷ் என்ற இலவச இணையக் கருவி இருக்கிறது. தரத்தை 75க்கு வைத்தால் ஒரு படம் 150 முதல் 250 கேபிக்குள் அடங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 150 கேபி என்றால் 30 படமும் சேர்ந்து 4.5 எம்பி; அதே சிக்னலில் 18 நொடி. ஒவ்வொரு பட டேக்கிலும் 'லோடிங்' என்பதற்கு 'லேசி' என்று எழுதினால், வாசிப்பவர் கீழே இறங்கும்போதுதான் அடுத்த படங்கள் இறங்கும். முடிந்தால் 30ஐ 10 ஆக்குங்கள். தேர், பால்குடம், கரகம், மஞ்சள் நீராட்டு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம் இருந்தாலே பார்ப்பவருக்கு நிறைவாக இருக்கும். வீடியோவை யூடியூபில் ஏற்றி இணைப்பு மட்டும் கொடுங்கள்.

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் வரைபடப் புள்ளியும் பதிவாகியிருக்கலாம். லயத்து வீட்டு வாசலில் எடுத்த படம் என்றால் அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். ஸ்குவூஷில் சுருக்கிய படத்தில் அந்தப் பதிவு இருக்காது. பிள்ளைகள் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்பது கட்டாயம்.

படத்தின் பெயரிலும் பொறி இருக்கிறது. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. ஏற்றப்போகும் சேவையகம் பெரும்பாலும் லினக்ஸ்; அதற்கு அவை வேறு வேறு. கமரா கொடுத்த பெயரில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்து, நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், உங்கள் கணினியில் படம் வரும், இணையத்தில் வராது. எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், 'தேர்1', 'தேர்2' என்பது போல ஆங்கிலத்தில் வைத்துவிடுங்கள். முகவரியில் 'சி டிரைவ்' என்று தொடங்கும் நீண்ட பாதை இருந்தால் அதுவும் உங்கள் கணினியில் மட்டுமே செல்லும். படங்களை இன்டெக்ஸ் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்து, பெயரை மட்டும் எழுதுங்கள்.

ஏற்றுவது. எழுதும் கருவி, பக்கத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங், முகவரியான டொமைன், மூன்றும் தனித்தனி. காசு கட்டாயம் தேவைப்படுவது சொந்த டொமைனுக்கு மட்டும். எல்கே முகவரி வாங்கலாம், 2010இலிருந்து '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் இருக்கிறது. திருவிழாப் பக்கத்துக்கு முதல் வருடம் இது அவசியமில்லை. நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங் சேவையில் கணக்குத் திறந்து ஃபோல்டரை அப்படியே உலாவிக்குள் இழுத்துப் போட்டால் இலவச முகவரி கிடைக்கும். கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையும் இலவசம். அதில் ஒரு தளம் 1 ஜிபி வரை இருக்கலாம், உங்களுக்கு 10 எம்பி கூட வராது. கிட்ஹப்பில் ஏற்றிய பிறகு பக்கம் தெரியச் சில நிமிடம் ஆகும். உடனே வரவில்லை என்று மறுபடி மறுபடி ஏற்ற வேண்டாம்.

வேர்ட்பிரஸ் நல்ல மென்பொருள்தான். ஆனால் பிஎச்பி என்ற நிரல் மொழியும் தரவுத்தளமும் ஓடும் சேவையகம் வேண்டும், அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். விட்டால் யாராவது உள்ளே நுழையக்கூடும். வருடம் முழுக்கச் செய்தி போடும் தளத்துக்கு அது பொருந்தும், ஒரு பக்கத்துக்குப் பாரம். விக்ஸ் போன்ற இழுத்து வைக்கும் கருவிகளில் வேலை சுலபம். இலவசக் கணக்கில் அவர்களின் விளம்பரம் வரும். கட்டிய தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துப் போகவும் முடியாது. கோடிங்கே வேண்டாம் என்று கோயில் குழுவில் முடிவானால் நான் கூகிள் சைட்ஸைச் சொல்வேன். அப்போதும் எழுத்தையும் படங்களையும் தனியாக ஒரு பென்டிரைவில் வையுங்கள். கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்த ஜியோசிட்டீஸ் என்ற இலவச ஹோஸ்டிங் சேவை 2009இல் மூடப்பட்டபோது, பிரதி வைக்காத பலரின் பக்கங்களும் அதோடு போயின.

ஏற்றியதும் உங்கள் கணினியில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். முகவரி 'ஃபைல்' என்று தொடங்கினால் நீங்கள் பார்ப்பது இணையத்தை இல்லை, சொந்த டிஸ்க்கைத்தான். கொழும்பில் கடையில் நிற்கும் ஒருவருக்கும், மேல் டிவிஷனில் இருக்கும் ஒருவருக்கும் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வைஃபை இல்லாமல் டேட்டாவில் திறக்கச் சொல்லுங்கள். தேர் நேரம் முதல் திரையிலேயே தெரிகிறதா, தலைவரின் தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்புப் போகிறதா என்று கேளுங்கள். எண் அழைப்பாக மாற, இணைப்பு டேக்கில் 'டெல்' என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, முன்னாலுள்ள சைபரை எடுத்துவிட்டு +94 சேர்த்து எழுத வேண்டும்.

கூகிளில் தேடினால் அன்றே வராது. நாட்கள், சிலவேளை வாரங்கள் எடுக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் பகிர்வதுதான் வேகமான வழி. அடுத்த வருடம் அதே இன்டெக்ஸ் கோப்பைத் திறந்து திகதிகளை மாற்றி மறுபடி ஏற்றுங்கள். சிலருக்குப் பழைய திகதியே தெரிந்தால் அவர்களின் போன் பழைய பிரதியைக் காட்டுகிறது என்று அர்த்தம்; பக்கத்தைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கச் சொன்னால் சரியாகும். படத்தை மாற்றும்போது மட்டும் பழைய பெயரிலேயே ஏற்றாமல் புதுப் பெயர் கொடுத்துப் பக்கத்திலும் மாற்றுங்கள், அப்போது போன் பழைய படத்தை எடுத்துக் காட்டாது.