பி.ஏ. தத்துவம் கேட்கும் மகளும் தூக்கம் போன அப்பாவும்

வணக்கம் சார்,

நேற்று மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு, "காமர்ஸ் படித்தவள் பி.காம். வேண்டாமாம், பி.ஏ. தத்துவம் வேண்டுமாம். நாளைக்கு ஆசிரமம் பக்கம் போய்விடுவாளோ?" என்று கேட்டீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டத்தை மட்டும் பார்த்து வேலை தரும் கம்பெனியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பி.எட். முடித்துப் பள்ளிக்கூட வேலைக்குப் போகும் வழியும் குறுகல். கல்லூரியில் பாடம் நடத்த எம்.ஏ.வுக்கு மேல் நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றோ முனைவர் பட்டமோ வேண்டும். அதனால் கூடவே இன்னொரு வழியையும் இப்போதே யோசித்து வையுங்கள். குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால் எந்தப் பட்டதாரியும் மூன்று வருடச் சட்டப் படிப்பில் சேரலாம். சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். 2013 முதல் அறவியலுக்கென்று 250 மதிப்பெண் தாள் ஒன்றும் இருக்கிறது; அது எல்லோருக்கும் பொது.

சரி, வேலைக் கணக்கு அவ்வளவுதான். அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். மகள் உள்ளே வந்ததும் போனில் ஒரு கோச்சிங் சென்டர் விளம்பரத்தைக் காட்டினீர்கள். வரிசை வரிசையாகப் பாஸானவர்களின் முகங்கள். "சேர்ந்தவங்க மொத்தம் எத்தனை பேருப்பா?" என்றாள். "எதிர்த்துப் பேசாதே" என்றீர்கள்.

சார், அவள் படிக்க நினைக்கும் பாடமே அந்தக் கேள்விதான். "மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது" என்பது நம் தர்க்க நூல்களில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. அடுப்படியில் புகையும் உண்டு, தீயும் உண்டு. ஏரியில் தீயும் இல்லை, புகையும் இல்லை. இரண்டையும் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். அந்த விளம்பரம் அடுப்படியை மட்டும் காட்டுகிறது. சேர்ந்து தோற்றவர்கள், சேராமலே ஜெயித்தவர்கள் யாரும் அதில் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி இப்படிப்பட்ட போலிக் காரணங்களை வகைவகையாகப் பிரித்துச் சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பது ஓர் இளம்பெண். (அவள் துறவியானவள் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.)

ஃபிளாட் விற்பவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், குடும்ப வாட்ஸ்அப் குழு எல்லோரிடமும் இந்தப் பழக்கம் உதவும். உங்கள் வீட்டில் முதலில் பலன் அனுபவிக்கப்போவது நீங்கள்தான். கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது இதே கல்லூரியில்தான், அது தாம்பரத்துக்கு இடம் மாறும் முன்பு. உறவினர் ஒருவர் படித்து முடித்த புத்தகங்கள் சும்மா கிடைத்ததால் அந்தப் பாடத்தை எடுத்தார் என்று சொல்வார்கள். உங்கள் மகளாவது விரும்பிக் கேட்கிறாள்.

விண்ணப்பம் போடுமுன் துறைக்கு நேரில் போய், போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். மொத்தம் எத்தனை பேர் என்பதை மகளே கேட்கட்டும்.