ஹீரோகிளிக்ஸ் ஆட்டம் ஒன்று முடிய எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சூப்பர்ஹீரோ பொம்மைகளை மேசையில் மோதவிடும் ஹீரோகிளிக்ஸ் விளையாட்டை ஆளுக்கு 300 புள்ளி அணியை (ஒவ்வொரு பொம்மைக்கும் உள்ள புள்ளி மதிப்பின் கூட்டுத்தொகை) வைத்து ஆடினால், ஒரு மாலைப் பொழுதுக்குள் ஆட்டம் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழகியவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். புதியவர்களுக்கு மூன்று மணி நேரம்கூடப் போதாமல் போகலாம்.

நானும் என் மைத்துனரும் முதன்முதலில் ஆடியபோது மாலை நான்கு மணிக்குத் தொடங்கினோம். ஏழரைக்கு, சாப்பாட்டு மேசையைக் காலி செய்யுமாறு வீட்டில் சொன்னதால்தான் நிறுத்தினோம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு பொம்மையும் ஒரு வட்டப் பீடத்தின் மேல் நிற்கிறது. அடி விழும்போதெல்லாம் பீடத்துக்குள் இருக்கும் டயலைக் கிளிக் கிளிக்கென்று திருப்ப வேண்டும், எண்களும் அவற்றின் பின்னணி நிறங்களும் மாறும். (2000ஆம் ஆண்டில் மேஜ் நைட் விளையாட்டுக்காக விஸ்கிட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இந்த டயலைத்தான் 2002இல் ஹீரோகிளிக்ஸுக்கும் வைத்தார்கள்.) ஒவ்வொரு நிறமும் எந்தச் சக்தியைக் குறிக்கிறது என்று அட்டையில் தேடித் தேடியே எங்களுக்கு முதல் ஒன்றரை மணி நேரம் கழிந்தது.

மீதி நேரத்தை விழுங்கியது வேறொன்று. பலவீனமானவர்கள் விழுந்தபின், பக்கத்துக்கு ஒருவராக, இம்பர்வியஸ் என்னும் தற்காப்புச் சக்தி கொண்ட இரண்டு முரடர்கள் மட்டும் எஞ்சினார்கள். தாக்குதல் 9, தற்காப்பு 17 என்றால் இரண்டு பகடைகளிலும் சேர்த்து 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36 வாய்ப்புகளில் 15தான் அப்படி அமையும். அடி பட்டாலும், இம்பர்வியஸுக்காக உருட்டும் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் சேதமே இல்லை, இல்லாவிட்டால் சேதத்தில் 2 கழியும். ஆகவே 3 சேதம் தரக்கூடியவர் மூன்று நான்கு முறை தாக்கினால் சராசரியாக ஒரு கிளிக்தான் நகரும். போதாக்குறைக்கு, ஒரே வீரரை அடுத்தடுத்த இரண்டு முறை இயக்கினால் அவருக்கே ஒரு கிளிக் சேதம் உண்டு என்பதால், இருவரும் அடிப்பதும் ஓய்வெடுப்பதுமாகவே இருந்தோம்.

இதனால்தான் போட்டிகளில் ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 50 நிமிடம் என்று வரம்பு வைத்து, நேரம் முடிந்ததும் வீழ்த்தப்பட்டவர்களின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்குப்படி அன்று வென்றவர் என் மைத்துனர். நான் இன்றுவரை அதைச் சமன் என்றுதான் சொல்லிவருகிறேன்.

உங்கள் முதல் ஆட்டத்துக்கு 300 வேண்டாம், 200 புள்ளியே போதும். புள்ளியைவிட எத்தனை பொம்மைகள் என்பதே நேரத்தை அதிகம் தின்னும் என்பதால் ஆளுக்கு மூன்று பேருக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டு அணியிலும் இம்பர்வியஸ்காரர் இருந்தால் ஒருவரையாவது மாற்றிவிடுங்கள். நாங்கள் இப்போது அலைபேசியில் 60 நிமிடம் வைத்துவிட்டு, மணி அடித்தபின் இருவருக்கும் சமமான முறைகள் கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறோம்.