பாலிசி ரத்தானது தெரியாமல் கார் ஓட்டிய தம்பிக்கு

தம்பி, போன வாரம் லண்டனில் சிக்னலில் நின்ற காரை இடித்துவிட்டீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தால், ஒன்பது நாளைக்கு முன்பே பாலிசி ரத்து என்கிறார்கள். ஒரு கடிதம்கூட வரவில்லையே, இனி என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் காரை எடுக்காதீர்கள். தெருவில் நிறுத்தி வைக்கவே இங்கே இன்ஷூரன்ஸ் வேண்டும். யாருக்காவது அடிபட்டு, அந்த இடத்திலேயே சான்றிதழ் காட்டவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் உடனே ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

எனக்கும் இது நடந்தது. பழைய நோ கிளெய்ம் போனஸுக்கு (கிளெய்ம் இல்லாமல் ஓட்டிய வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி) ஆதாரம் கேட்டு புரோக்கர் அனுப்பிய மெயில் ஸ்பாமில் கிடந்தது. ரத்துக் கடிதம் நான் காலி செய்த வீட்டுக்குப் போயிருந்தது. போலீஸ் கேமராவில் நம்பர் பிளேட் சிக்கி, அவர்கள் காரைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பிள்ளைகளோடு நடுரோட்டில் நின்ற அந்த அரை மணி நேரம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், போனில் சண்டை போடாதீர்கள். நோட்டீஸ் எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எந்த வழியில் போனது என்று எழுத்தில் கேளுங்கள். உங்களைப் பற்றிய பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. காசு கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் ஏழு நாள் முன்னறிவிப்பு என்று இருக்கும். உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். பேங்க் ஸ்டேட்மென்டையும் பாருங்கள். ரத்துக்குப் பிறகும் மாதத் தவணை எடுத்திருந்தால், அது உங்கள் கையில் நல்ல ஆதாரம்.

அப்புறம் எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் முடிவான பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ நிதி ஆம்பட்ஸ்மேனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான அமைப்பு) போங்கள். இலவசம்தான். பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். என் விஷயத்தில் அந்த ரத்துப் பதிவையே நீக்கச் சொன்னார்கள்.

போலீஸிடமிருந்து 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளி என்று கடிதம் வந்தால், வக்கீலைக் கேட்காமல் ஒப்புக்கொண்டு கட்டிவிடாதீர்கள். தெரியாது என்பது குற்றத்தை இல்லாமல் ஆக்காது. ஆனால் கம்பெனி உங்களைத் தவறாக நம்பவைத்தது என்று காட்டினால், கோர்ட் புள்ளி போடாமல் விடலாம். நீங்கள் பிரிட்டிஷ் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் ஆறு புள்ளியில் லைசென்ஸே போய்விடும், மறுபடி தியரி டெஸ்டிலிருந்து தொடங்க வேண்டும்.

புதுப் பாலிசி எடுக்கும்போது ரத்தானதை மறைக்காதீர்கள். பிரீமியம் கூடும்தான். மறைத்தால் அடுத்த கிளெய்மும் கையை விட்டுப் போகும்.